நாடு கற்பனை, படம் கற்பனை, விண்ணப்பம் மட்டும் நிஜம்: முதல்முறை அனுப்புகிறவர்களுக்கு

கற்பனை நாடு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். வரைபடம் இருக்கிறது, கொடி இருக்கிறது, நாணயத்துக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. இப்போது அந்த நாட்டில் எடுத்ததாக ஒரு படத்தைக் கற்பனை செய்து, இதே பைத்தியம் பிடித்த மற்றவர்கள் சேர்ந்து நடத்தும் 'சர்வதேச' விருதுக்கு அனுப்ப ஆசை. நல்லது. கேமரா வேண்டாம், நடிகர்கள் வேண்டாம். அப்படி ஒரு படம் இருக்கிறது என்று நம்ப வைக்கும் தாள்கள் போதும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். நான் மூன்று தடவை அனுப்பினேன், மூன்று தடவையும் திரும்பி வந்தது. நான்காவது தடவைதான் உள்ளே போனது. கதை நன்றாக இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். முதல் தடவை தேதி தப்பு, இரண்டாவது தடவை மொழி தப்பு, மூன்றாவது தடவை பெயர்ப் பட்டியல் தப்பு. கதைக்குச் செலவழித்த இரவுகளில் பாதியைத் தாள்களுக்குச் செலவழித்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

1. கதையை மூடி வைத்துவிட்டு விதிமுறையைப் படியுங்கள்

இந்த விருதுகளில் பெரும்பாலானவை ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவைப் பார்த்து விதி எழுதியவை. அதனால் ஆஸ்கர் விதியின் எலும்புக்கூட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு படம்தான். 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும். தகுதிக் காலத்துக்குள், அதாவது படம் வெளியாக வேண்டும் என்று விருது வைக்கும் கால வரம்புக்குள், திரையரங்கில் தொடர்ந்து 7 நாளாவது ஓடியிருக்க வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுக்க நாட்டுக்குள் ஒரு குழு இருக்க வேண்டும். வந்த படங்களிலிருந்து முதலில் 15 படங்களின் குறும்பட்டியல், அதிலிருந்து 5 பரிந்துரைகள்.

உங்கள் விருதின் விதி இதிலிருந்து எங்கே விலகுகிறது என்று மட்டும் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் இருக்கும் இடத்தில் 'பொது மொழி' என்று எழுதியிருப்பார்கள். அது என்ன மொழி என்று கட்டாயம் கேளுங்கள். நாட்டை முன்கூட்டியே பதிய வேண்டுமா, புதிய நாடு முதல் வருடமே படம் அனுப்பலாமா, செயற்கை நுண்ணறிவில் செய்த போஸ்டர், ஸ்டில்களை ஏற்கிறார்களா என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். விதித்தாளில் இந்த மூன்றும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு உற்சாகம் மீறி, கற்பனை நாட்டின் பெயரில் நிஜமாகவே ஒரு குறும்படம் எடுத்து நிஜ விழாவுக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். கதை கற்பனை நாட்டில் நடக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் 'தயாரித்த நாடு' என்ற கட்டத்தில் நீங்கள் நிஜமாக இருக்கும் நாட்டைத்தான் எழுத வேண்டும். அங்கே விளையாடினால் பொய்த் தகவல் கொடுத்ததாகப் போய்விடும், கட்டிய நுழைவுக் கட்டணமும் திரும்பாது.

2. நாட்டுக்கு ஒரு பக்கத் தாள்

பத்து வருடமாகக் கட்டிய நாடு என்று 80 பக்க வரலாற்றை அனுப்பாதீர்கள். நடுவர் படிக்க மாட்டார். ஒரே பக்கம், அதில் மக்கள்தொகை, மொழிகள், ஆட்சி முறை, நாணயம், நாட்காட்டி, எத்தனை திரையரங்குகள், தணிக்கை உண்டா இல்லையா. அவ்வளவு போதும்.

இதில் மக்கள்தொகையை மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். மற்ற எண்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. என் நாடு சொலெந்தி, உப்பளத் தீவுகளின் கூட்டம், மக்கள்தொகை 61,000. முதல் வருடம் படத்தின் தயாரிப்புச் செலவு என்று நாலு கோடி எங்கள் நாணயத்தில் போட்டேன். டிக்கெட் விலை மூன்று நாணயம் என்று அதே தாளில் வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். ஒரு நடுவர் அமைதியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்: கைக்குழந்தை உட்பட 61,000 பேரும் ஆளுக்கு இரண்டு தடவை பார்த்தாலும் 1,22,000 டிக்கெட், வசூல் 3,66,000. மீதிப் பணம் எங்கிருந்து வந்தது? எனக்குப் பதில் இல்லை. அப்புறம் உப்பு வரியிலிருந்து அரசு கொடுக்கும் கலை மானியம் என்று ஒன்றைச் சேர்த்தேன், செலவையும் ஐந்து லட்சமாக இறக்கினேன். அந்த மானியம் பிறகு கதைக்கே உதவியது என்பது வேறு விஷயம்.

நாடு சின்னது என்று கவலைப்பட வேண்டாம். ஐஸ்லாந்தில் நான்கு லட்சம் பேருக்குப் பக்கம்தான் இருக்கிறார்கள். 1991இல் வெளியான அவர்களுடைய படம் ஆஸ்கரின் கடைசி ஐந்தில் வந்திருக்கிறது.

3. தேர்வுக் குழு இல்லாமல் படம் இல்லை

'என் நாடு, நான்தானே எல்லாம், எனக்கு எதற்குக் குழு?' என்று நானும் நினைத்தேன். பூட்டானுக்கு நடந்ததைப் படித்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன். மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய அவர்களுடைய படத்தை முதல் தடவை அனுப்பியபோது, அங்கீகாரம் பெற்ற தேர்வுக் குழு நாட்டில் இல்லை என்பதால் ஆஸ்கர் அதை ஏற்கவில்லை. குழுவை அமைத்து, அதே படத்தை அடுத்த சுற்றில் மறுபடி அனுப்பினார்கள். 2022இல் அது கடைசி ஐந்தில் ஒன்றாக நின்றது. படம் அதேதான், மாறியது தாள்தான்.

கற்பனை நாட்டுக்கு ஐந்து பேர் போதும். பெயர், வயது, தொழில், ஆளுக்கு ஒரு வரி. ஐந்து பேரும் அமைச்சர்களாக இருந்தால் நடுவர்களுக்குச் சந்தேகம் வரும். ஆஸ்கர் விதியிலும் குழுவில் குறைந்தது பாதிப் பேர் சினிமாக் கலைஞர்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு படத்தொகுப்பாளர், ஒரு பழைய நடிகை, ஒரு ஒலிப்பதிவுக்காரர், ஒரு திரையரங்கு முதலாளி, ஒரு அரசு அதிகாரி என்று கலந்து போடுங்கள்.

முடிந்தால் தோற்றுப்போன படங்களின் பெயர்களையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மூன்று படங்கள் வந்தன, இது மூன்றுக்கு இரண்டு ஓட்டில் வென்றது என்ற ஒற்றை வரி, உங்கள் நாட்டில் ஒரு சினிமா உலகமே இருக்கிறது என்று நம்ப வைத்துவிடும். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வரி வேறு இல்லை.

4. தேதி: நான் முதல் தடவை விழுந்த குழி

தகுதிக் காலம் என்று ஒன்று இருக்கும். ஆஸ்கரில் பல வருடங்களில் அது ஒரு அக்டோபர் 1 முதல் அடுத்த செப்டம்பர் 30 வரை. நான் அனுப்பிய விருதும் அதையே எடுத்துக்கொண்டிருந்தது.

சொலெந்தியின் நாட்காட்டியில் 13 மாதங்கள், மாதத்துக்கு 28 நாட்கள். 364 நாட்கள் போக மீதியுள்ள ஒரு நாள் எந்த மாதத்திலும் சேராத விடுமுறை. இதை உருவாக்கியபோது எனக்கு ஏக பெருமை. படம் பத்தாவது மாதம் 24ஆம் தேதி வெளியானது என்று எழுதினேன். 13 மாதம் இருக்கிற வருடத்தில் பத்தாவது மாதம் என்றால் செப்டம்பர் கடைசி வாக்கில் வரும் என்று மனக்கணக்கு. விதியைப் பார்த்துக்கொண்ட அமைப்பாளர் விரலை விட்டு எண்ணினார்: ஒன்பது மாதம் முடிந்தால் 252 நாள், அதோடு 24, மொத்தம் 276ஆவது நாள். நம் நாட்காட்டியில் அது அக்டோபர் 3. மூன்று நாள் தாமதம், படம் வெளியே.

அதனால்:

உங்கள் நாட்காட்டித் தேதியையும் பொதுத் தேதியையும் எல்லாத் தாளிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம், வருடத்தின் எத்தனையாவது நாள் என்று எண்ணி மாற்றுங்கள். லீப் வருடத்தில் உங்கள் நாடு என்ன செய்கிறது என்பதை முடிவு செய்து வையுங்கள், யாராவது கேட்பார்கள்.

தகுதிக் காலத்தின் ஓரத்தில் வெளியீட்டை வைக்காதீர்கள். 7 நாள் ஓட்டம் காலத்துக்குள் தொடங்கினால் போதுமா, முடியவும் வேண்டுமா என்பதை ஒவ்வொரு விருதும் ஒவ்வொரு மாதிரி படிக்கும். நடுவில் எங்காவது வையுங்கள். வெளியீட்டுத் தேதி உங்கள் கையில்தானே இருக்கிறது, நிஜத் தயாரிப்பாளருக்கு இல்லாத சொகுசு இது.

திரையரங்கின் பெயர், ஊர், இருக்கை எண்ணிக்கை ஆகியவற்றோடு ஓடியதற்கான ஒரு சிறு சான்றும் வையுங்கள். நான் உப்பு மூட்டைச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் 140 இருக்கைக் கொட்டகையின் ஒரு வார நோட்டீஸை வரைந்து அனுப்பினேன். அதில் ஞாயிறு மாலைக் காட்சி 'கடல் ஏற்றத்தால் ரத்து' என்று ஒரு ஒட்டு ஒட்டினேன். கேட்டவர்கள் எல்லாரும் அந்த ஒட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆனால் பாருங்கள், ஒரு காட்சி ரத்தானாலும் அன்றைக்கு மற்ற காட்சிகள் ஓடின என்று தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடர்ந்து 7 நாள் என்ற கணக்கு உடைந்துவிடும்.

5. மொழி: எல்லாரும் விழும் குழி

இரண்டாவது வருடம் தேதி சரியாக இருந்தது. படம் தீவுப் பெண் ஒருத்திக்கும் வெளிநாட்டு வணிகனுக்கும் நடக்கும் பேரத்தைப் பற்றியது. வணிகனோடு பேசும் காட்சிகள் பொது மொழியில் இருக்கும் என்று நானே காட்சிப் பட்டியலில் குறித்திருந்தேன். 22 காட்சிகளில் 14 அப்படிப்பட்டவை. பாதிக்கு மேல் பொது மொழி. என் விண்ணப்பத்தை நிராகரிக்க அவர்களுக்கு என் பட்டியலே போதுமானதாக இருந்தது.

நிஜ உலகத்திலும் இது நடந்ததுதான். 2019இல் நைஜீரியா ஆஸ்கருக்கு முதன்முதலாக ஒரு படத்தை அனுப்பியது. 95 நிமிடப் படத்தில் இக்போ மொழி வசனம் சுமார் 11 நிமிடம்தான், மீதி ஆங்கிலம். தகுதி இல்லை என்று நீக்கிவிட்டார்கள். நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம் ஆயிற்றே என்று பலர் சண்டை போட்டார்கள், நியாயமான சண்டைதான், ஆனாலும் விதி மாறவில்லை. அந்த வருடம்தான் பிரிவின் பெயரில் இருந்த 'வெளிநாட்டு மொழி' என்பதை எடுத்துவிட்டு 'சர்வதேச' என்று மாற்றியிருந்தார்கள். பெயர்ப் பலகை மாறினாலும் மொழி விதி அப்படியே இருந்தது. எனவே தலைப்பைப் பார்த்து ஏமாறாமல் விதியைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். காட்சிப் பட்டியலில் ஒவ்வொரு காட்சிக்கும் நேரேயே வசனத்தின் மொழியையும் நிமிடத்தையும் போட்டுக் கூட்டிப் பாருங்கள். பொது மொழி அல்லாத வசனம் 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கதையில் கைவையுங்கள். நான் வணிகனுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்தேன். பேரம் முழுக்கத் தீவு மொழிக்கு வந்தது. அதோடு மொழிபெயர்ப்பாளன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறான் என்ற ஒரு நல்ல திருப்பமும் கிடைத்தது.

சரி, மொழியே இல்லாதவர்கள்? முழு மொழியை உருவாக்க வேண்டியதில்லை. நம்மவர்களுக்குத் தெரிந்த உதாரணம் பாகுபலியின் கிளிக்கி. மதன் கார்க்கி அந்தப் படத்துக்காக உருவாக்கியது. அந்த அளவுக்குப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் இரண்டு விஷயம் போதும். ஒன்று, ஒலி விதி. ட, ண, ற போன்ற எழுத்துகளில் தூய தமிழ்ச் சொல் தொடங்காது என்பதுபோல உங்கள் மொழிக்கு நான்கைந்து விதி. என் மொழியில் எந்தச் சொல்லும் வல்லின ஒற்றில் முடியாது, 'ழ' கிடையாது, 'ந்' அடிக்கடி வரும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், படப் பெயர் எல்லாம் இந்தச் சல்லடையில் சலித்து வந்தால் ஒரே மொழிபோலக் காதில் விழும். இன்னொன்று, பத்து வரி வசன மாதிரி, சொல்லுக்குச் சொல் பொருளோடு. அதே சொல் இரண்டாவது வரியிலும் ஏழாவது வரியிலும் வந்தால் பொருளும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உன்னிப்பான நடுவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆள் பெயர்களுக்கும் ஒரு முறை வேண்டும். ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஐஸ்லாந்தில் பெரும்பாலும் தகப்பன் பெயரோடு மகன், மகள் என்ற ஒட்டுச் சேரும். உங்கள் நாட்டில் என்ன வழக்கம்? இயக்குநர் பெயர் ஒரு வழக்கத்திலும் இசையமைப்பாளர் பெயர் இன்னொரு வழக்கத்திலும் இருந்தால், ஒருவர் குடியேறியவர் என்றாவது காரணம் வேண்டும்.

6. படத்தின் தாள்கள்

வழக்கமாகக் கேட்பவை: கலைஞர் பட்டியல், ஓடும் நேரம், கதைச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, போஸ்டர், மூன்று முதல் ஐந்து ஸ்டில்கள்.

கதைச் சுருக்கத்துக்கு 150 சொல்தான் கொடுப்பார்கள். என் முதல் சுருக்கம் இப்படித் தொடங்கியது: 'தன் கனவுகளுக்காகச் சமூகத்தின் தடைகளை எதிர்த்துப் போராடும் ஒரு துணிச்சலான பெண்ணின் உணர்ச்சிகரமான பயணம்.' இந்த வரியை எந்த நாட்டின் எந்தப் படத்துக்கும் ஒட்டலாம். கற்பனை நாட்டுக்குக்கூட ஒட்டலாம் என்பதுதான் அதன் குறை.

கடைசியாகப் போனது இது: 'தீவின் எடைக்கல்லைக் காப்பவள் இசெரா. அரசு முத்திரை குத்திய அந்தக் கல் 70 வருடப் புழக்கத்தில் தேய்ந்து எடை குறைந்துவிட்டது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். வரியை உப்பாகக் கட்டும் தீவுக்காரர்கள் தலைமுறையாகக் கொஞ்சம் குறைத்தே கட்டி வருகிறார்கள். புதிய கல்லோடு அதிகாரி படகேறிவிட்டான் என்று செய்தி வருகிறது. சொன்னால் ஒவ்வொரு வீடும் பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் திருடி என்ற பெயர் அவளுக்கு.'

இதில் நாட்டின் வரி முறை, தொழில், போக்குவரத்து, தலைநகருக்கும் தீவுக்கும் உள்ள உறவு எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் எதையும் விளக்கவில்லை. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டேன், கல்லை. உங்கள் நாட்டிலும் அப்படி ஒன்று இருக்கும், தேடுங்கள். போர், முடிசூட்டு விழா, புரட்சி ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். வருகிற படங்களில் பாதி அவைதான், நடுவர்களுக்குச் சலித்துவிட்டது.

ஓடும் நேரத்தில் ஒரு சின்ன நுணுக்கம். உங்கள் நாடு பழைய தொழில்நுட்பத்தில் இருக்கிறது என்றால் 35 மி.மீ. பிலிம் விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் சுமார் 11 நிமிடம். 104 நிமிடப் படம் என்றால் பத்துச் சுருள். கலைஞர் பட்டியலுக்கு அடியில் 'பத்துச் சுருள்கள்' என்று போட்டால் போதும், வேறு எந்த விளக்கமும் வேண்டாம்.

இயக்குநர் குறிப்பு விருப்பம்தான் என்பார்கள். எழுதத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். மோசமான குறிப்பு நல்ல சுருக்கத்தைக் கெடுத்துவிடும்.

7. போஸ்டர், ஸ்டில்: காசும் உரிமையும்

நிஜச் செலவு வருகிற ஒரே இடம் இதுதான். வரையத் தெரிந்தவர்களுக்குச் செலவே இல்லை. தெரியாதவர்கள் பொது உரிமையில் உள்ள (பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத) பழைய புகைப்படங்களையோ, உரிமையாளரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவற்றையோ எடுத்து மாற்றலாம். ஆனால் உரிமத்தின் வகையைப் படியுங்கள். எடுத்தவர் பெயரைப் போட வேண்டும் என்பது பெரும்பாலான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் நிபந்தனை. சில வகைகள் படத்தை மாற்றவே கூடாது என்கின்றன, அவற்றை வெட்டி ஒட்டி ஸ்டில் ஆக்க முடியாது. எழுத்துருவுக்கு ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் உள்ளவற்றை எடுத்துக்கொண்டால் தலைவலி இல்லை, காசும் இல்லை.

நிஜ நடிகர்களின் முகத்தை வைக்கவே வைக்காதீர்கள். 'இவர் நடித்தால் நன்றாக இருக்கும்' என்று மனதில் யாரையாவது நினைத்து எழுதுவது வேறு, அவர் படத்தை வெட்டி ஒட்டுவது வேறு. பெரும்பாலான இடங்களில் உடனே நீக்கிவிடுவார்கள், நீக்காவிட்டாலும் அது நல்ல பழக்கம் இல்லை.

சட்டக விகிதத்தில், அதாவது படச் சட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தில், நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 1940களின் தொழில்நுட்பத்தில் எடுத்த படம் என்று சொல்லிவிட்டு 16:9 ஸ்டில் அனுப்புவார்கள். அந்தக் காலத்து வழக்கமான விகிதம் 1.37:1, கிட்டத்தட்ட சதுரம். அகலத்திரை 1953இல் சினிமாஸ்கோப் வந்த பிறகுதான் பரவியது. உங்கள் நாட்டின் வரலாறு வேறு மாதிரி போயிருக்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஐந்து ஸ்டில்லும் ஒரே விகிதத்தில் இருக்கட்டும்.

போஸ்டரை 2:3 விகிதத்தில், 2000க்கு 3000 பிக்சல் அளவில் செய்து வைத்தால் எங்கேயும் பொருந்தும். வெளியாளிடம் காசு கொடுத்து வரைய வைத்தால், விருதுக்கு அனுப்பவும் பிறகு மறுபடி பயன்படுத்தவும் அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு நான் ஒரு நல்ல போஸ்டரை இழந்திருக்கிறேன்.

8. கூட்டுத் தயாரிப்பு: நட்பு உடையும் இடம்

மூன்றாவது வருடத் தோல்வி இது. பக்கத்து நாட்டை வைத்திருக்கும் நண்பர், 'என் நாட்டு ஒளிப்பதிவாளரை எடுத்துக்கொள், நல்ல ஆள்' என்றார். அப்புறம் படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர், கதாநாயகி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பட்டியல் முடிந்தபோது சொலெந்திக்காரர்கள் இரண்டே பேர், இயக்குநரும் கதாசிரியரும். இது யார் நாட்டுப் படம் என்று அமைப்பாளர் கேட்டார். நண்பரும் நானும் ஆளுக்கொரு பதில் சொன்னோம்.

1992ஆம் ஆண்டுப் போட்டிக்கு உருகுவே அனுப்பிய படத்துக்கும் இதே கதிதான். கடைசி ஐந்தில் வந்த பிறகு, அதில் உருகுவேக்காரர்களின் கலைப் பங்களிப்பு போதாது, படம் பெரும்பாலும் அர்ஜெண்டினாவுடையது என்று வாக்குச் சீட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே முக்கியப் பொறுப்புகள் பத்தை எழுதி, அவற்றில் குறைந்தது ஆறில் உங்கள் நாட்டு ஆட்கள் இருக்கும்படி பாருங்கள். கூட்டுத் தயாரிப்பு என்றால் எந்த நாடு அனுப்புகிறது, மற்ற நாடு அந்த வருடம் தன் சொந்தப் படத்தை அனுப்பலாமா, வென்றால் யார் பட்டியலில் ஏறும் என்ற மூன்று கேள்விக்கும் பதிலை இருவரும் எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்தானே என்று விடாதீர்கள். நானும் அவரும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

9. கால அட்டவணை

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எனக்கு வேலை செய்த கணக்கு இது:

பத்து வாரம் முன்பு: விதிமுறை, நாட்டுப் பதிவு. பதிவுக்கு அமைப்பாளர் பதில் சொல்லவே இரண்டு வாரம் ஆகலாம், அவர்களும் வேலைக்குப் போய்விட்டு வந்து இதைச் செய்பவர்கள்தான்.

எட்டு வாரம் முன்பு: தேர்வுக் குழு, வெளியீட்டுத் தேதி, காட்சிப் பட்டியலின் மொழிக் கணக்கு.

ஆறு வாரம் முன்பு: சுருக்கம், கலைஞர் பட்டியல், வசன மாதிரி. வெளியாள் வரைகிறார் என்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் முன்பு: உங்கள் நாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் மொத்தத்தையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளைத்தான் நடுவரும் கேட்பார்.

ஒரு வாரம் முன்பு அனுப்பிவிடுங்கள்.

பணம் என்று பார்த்தால், எல்லாவற்றையும் நீங்களே செய்தால் ஒன்றும் ஆகாது. இந்தப் பொழுதுபோக்கு விருதுகளில் நான் இதுவரை நுழைவுக் கட்டணம் கட்டியதில்லை. யாராவது கேட்டால் எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள். நேரம்தான் பெரிய செலவு. முதல் தடவை என்றால் நாற்பது மணி நேரத்துக்குக் குறையாது, அடுத்த வருடம் பாதியாகிவிடும்.

10. அனுப்பும் நாளும் அதற்குப் பிறகும்

சொந்த எழுத்து வடிவம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பொதித்துவிடுங்கள், அல்லது அந்த வரிகளைப் படமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவரின் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். வேறொரு கணினியில், முடிந்தால் ஒரு கைபேசியிலும், திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். கோப்பின் பெயரில் நாடு, படம், வருடம் மூன்றும் இருக்கட்டும். 'இறுதி_புதிய_இறுதி2' என்ற பெயரில் வந்த கோப்பை யார் தேடி எடுப்பார்கள்?

அனுப்பிய நிமிடமே ஒரு பிரதியைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அதற்குப் பிறகு முடிவு வரும்வரை நாட்டின் வரலாற்றில் கைவைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நடுவில் தன் நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தினார். படத்துக்கு மானியம் கொடுத்த அமைச்சகமே இல்லாமல் போய்விட்டது. நடுவர் விளக்கம் கேட்டபோது அவரால் பழைய அரசின் சார்பில் பதில் சொல்ல முடியவில்லை.

நடுவர்களிடமிருந்து கேள்வி வந்தால் இரண்டு நாளுக்குள், சுருக்கமாக, தாளில் இருப்பதை வைத்தே பதில் சொல்லுங்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஓட்டு முறை இருந்தால் மற்றவர்களின் தாள்களை நிஜமாகவே படித்து ஓட்டுப் போடுங்கள். உங்கள் படத்தைப் பற்றி ஊரெல்லாம் தண்டோரா போட வேண்டாம், ஒரே ஒரு அறிவிப்பு போதும். குறும்பட்டியலில் வராவிட்டால் காரணத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது வருடத் தோல்விக்கு வந்த நாலு வரிப் பதில்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளன் பாத்திரத்தைக் கொடுத்தது.

முடிவு எதுவானாலும் படத்தை இரண்டு தேதியோடும் நாட்டின் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அடுத்த வருடம் அந்த இயக்குநரையே தேர்வுக் குழுவில் உட்கார வைக்க நேரலாம். அவருக்குப் பிறந்த வருடம் எழுதியிருக்கிறீர்களா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. என் கணக்குப்படி அவர் தன் முதல் படத்தை ஒன்பது வயதில் எடுத்திருக்கிறார்.